பிரேக்கில் இருப்பவர்கள்

ஜனவரி 9, 2025, வியாழன்

முழங்கால் வலி. மாத்திரை போட்டுக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தேன். தேவிப்பிரியா புள்ளிவிவரத்தை அனுப்பியிருக்கிறாள். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரர்கள் மாதாமாதம் கொடுத்த ஆள் கணக்கு, பத்தாண்டுகளுக்கு. மூன்று பத்திகள்: வேலையில் இருப்போர், பிரேக், நீக்கப்பட்டோர்.

என் பழைய மாணவி. இப்போது ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறாள். "நீங்க ஒரு தடவ பாத்துட்டா எனக்கு நிம்மதி மேடம்" என்பாள். அந்த நிம்மதிக்காக என் முதுகு உடைகிறது.

கேள்வி எளியது. ஆர்டர் குறைந்தால் வேலைகள் ஒரேயடியாக விழுகின்றனவா, இல்லை ஏறிய வேகத்திலேயே மெல்ல இறங்குகின்றனவா? ஒரேயடியாக என்றால், ஒப்பந்தத் தொழிலாளருக்கு ஒரு மாத முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கலாமா என்று மாவட்ட ஆலோசனைக் குழு ஒன்று யோசிக்கிறது. மெல்ல என்றால் அது தேவையில்லை என்பார்கள்.

பிரேக்கில் இருப்பவர்களை எதில் சேர்ப்பது என்று கேட்டாள். "விடுப்பில் இருப்பவர் வேலையில் இருப்பவர்தான். இதைக்கூடக் கேட்க வேண்டுமா?" என்றேன். மன்னிப்புக் கேட்டாள்.

ஜனவரி 22, புதன்

மாடியில் சத்தம். வாடகைக்கு இருக்கும் மூன்று பெண்கள், தென்காசிப் பக்கம். சுங்குவார்சத்திரத்தில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. தங்கமாரி, சுகப்பிரியா, இசக்கிசெல்வி. கடைசியாகச் சொன்னவள் என்னை "ஆச்சி" என்கிறாள். "மேடம்" என்று ஒருமுறை திருத்தினேன். "சரி ஆச்சி" என்றாள்.

மும்மைச் சோதனை செய்யப்போகிறேன். மாதாந்தர மாற்றங்களை மூன்று மூன்றாக எடுத்து, நடு எண் எந்தப் பக்கம் ஒட்டி நிற்கிறது என்று பார்ப்பது. சரிவு திடீரென்று வந்தால் ஓர் எண் மட்டும் கீழே தூரத்தில் கிடக்கும். மற்ற இரண்டும் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லா மும்மைகளையும் சேர்த்துப் பார்க்கையில் இப்படிச் சாய்வு தெரிந்தால் ஏற்றமும் இறக்கமும் சமச்சீர் இல்லை. அழகான சோதனை. வகுப்பில் இதை நடத்தும் நாளில் நல்ல புடவை கட்டிக்கொண்டு போவேன்.

பிப்ரவரி 3, திங்கள்

சாய்வு இல்லை. மூன்று முறை ஓட்டினேன். ஏற்றமும் மெல்ல, இறக்கமும் மெல்ல.

தேவிப்பிரியாவுக்கு ஏமாற்றம். "கொரோனா வருஷத்த மட்டும் தனியா எடுத்தா வரும் மேடம்."

வேண்டியது வரும்வரை வெட்டிக்கொண்டே போவது ஆராய்ச்சி இல்லை என்றேன். கான்வென்டில் சிஸ்டர், விடை சரியாக இருந்து வழி தவறாக இருந்தால் முழுப் பக்கத்தையும் குறுக்கே அடிப்பார். அந்த மையில் வளர்ந்தவள் நான்.

பிப்ரவரி 14, வெள்ளி

அறிக்கை போய்விட்டது. "சமச்சீரின்மைக்குச் சான்று கிடைக்கவில்லை." அந்த ஒரு வாக்கியத்துக்கு அரை நாள். தூக்கம் வருகிறது, ஆனால் தூக்கம் இல்லை.

பிப்ரவரி 27, வியாழன்

குழுவின் குறிப்பில் தொழிற்சாலைத் தரப்பு என்னை மேற்கோள் காட்டியிருக்கிறது: "வேலை இழப்பு படிப்படியாகவே நிகழ்கிறது என நிரூபிக்கப்பட்டுள்ளது."

நிரூபிக்கப்பட்டுள்ளதா? யாரால்? சான்று கிடைக்கவில்லை என்பதும், இல்லை என்பதற்குச் சான்று கிடைத்தது என்பதும் ஒன்றா? முதலாண்டு மாணவிகூட இந்தத் தவற்றைச் செய்தால் எழுந்து நிற்க வைப்பேன். என் பெயரைப் போட்டு—

தேவிப்பிரியாவைக் கூப்பிட்டேன். "எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கிட்டாங்க மேடம். மார்ச் இருபது கூட்டத்துல முன்னறிவிப்ப விட்டுடுவாங்க போல."

மார்ச் 4, செவ்வாய்

காலையில் லூர்தம்மாள் காபியோடு செய்தியும் கொண்டுவந்தாள். சேரப்பணஞ்சேரியிலிருந்து வந்து எனக்குச் சமைப்பவள். பத்திரிகை வாங்க வேண்டியதே இல்லை.

"இன்னாம்மா நீ, வூட்டுக்குள்ளாறவே குந்திக்கினு கீற. மேல ரெண்டு பொண்ணுங்க மூட்ட கட்டிக்கினு கீதுங்க. மூணாவது அயுதுகினு கீது."

படியேறினேன். வலித்தது. தங்கமாரியும் சுகப்பிரியாவும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். இசக்கிசெல்வி கட்டிலில், கையில் போன்.

"பிரேக் விட்டுட்டாவ ஆச்சி. லைன் முழுக்க. நேத்து ஷிஃப்ட் முடிஞ்சதும் கூப்ட்டுச் சொன்னாவ."

"விடுப்பா? எத்தனை நாள்?"

"அதச் சொல்லலியே. கூப்பிடுதோம்னாவ."

"சம்பளம் உண்டல்லவா?"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். "நல்லாருக்கே. வேல பாக்காம ஆரு தருவா?"

"அப்படியானால் உனக்கு வேலை போய்விட்டது."

"ஐயோ, அப்படிச் சொல்லாதிய ஆச்சி! பிரேக்குலதான இருக்கேன். பேரு இருக்கு."

மார்ச் 5, புதன்

பேரு இருக்கு.

பிரேக் என்றால் இடைவேளை. மணி அடிக்கும், மைதானத்துக்கு ஓடுவோம், மறுபடி மணி அடிக்கும், வரிசையாகத் திரும்புவோம். எனக்குத் தெரிந்த பிரேக் அதுதான். அந்தப் பத்தியின் தலைப்பைப் பார்த்ததும் எனக்கு அந்த மைதானம்தான் தெரிந்திருக்க வேண்டும். யாரையும் கேட்கவில்லை. கேட்டவளையும் அடக்கினேன். அடுத்த வாக்கியத்தில் அவள் மன்னிப்புக் கேட்டாளே, அதையும் வாங்கிக்கொண்டேன்.

ஆள் ஒரே நாளில் போய்விடுகிறார். பெயர் பட்டியலில் நிற்கிறது. பிறகு மாதக்கணக்கில், ஒருவர் ஒருவராக, சத்தமில்லாமல் பெயரை அடிக்கிறார்கள். பட்டியலைப் பார்ப்பவருக்கு இறக்கம் மெல்லத்தான் தெரியும். சோதனையில் பிழையில்லை. நான் அதற்குக் கொடுத்த எண்கள்தான் பொய்.

என்ன செய்யப்போகிறேன்? வயது எழுபத்தாறு. யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

மார்ச் 7, வெள்ளி

பிரேக்கை வேலையில் இருப்போரிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். சாய்ந்துவிட்டது. சந்தேகத்துக்கு இடமில்லாமல். இரண்டு எண்கள் மேலே, ஒன்று பள்ளத்தில்.

அவர், என் கணவர், போனதும் ஒரே நாளில்தான். நான்கு ஆண்டுகளாக நான் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருக்கிறேன். — இதை எழுதியிருக்கக் கூடாது. மலிவான ஒப்புமை.

மார்ச் 8, சனி

தேவிப்பிரியா வந்தாள். புதிய முடிவைப் பார்த்தாள்.

"வேணும்னு வெட்டினதுன்னு சொல்லுவாங்க மேடம். முதல்ல வரல, இப்ப வந்திருக்கு. நீங்களே எங்களுக்குச் சொல்லிக்குடுத்ததுதான்."

உண்மை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

"எந்த எண்ணை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்பதை முதல் பக்கத்திலேயே எழுது. பிழை யாருடையது என்பதையும்."

"நம்மோடதுன்னு போடவா?"

"நீ கேட்டாய். நான் அடக்கினேன். என்னுடையது என்று போடு."

அவள் எழுதினாள். பிறகு அதைக் கொஞ்சம் மென்மையாக்கினாள். மென்மையை அடித்தேன்.

மாடியில் இசக்கிசெல்வியின் போன் ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் அவள் ஓடும் சத்தம். ஒவ்வொரு முறையும் அவள் அம்மா.

மார்ச் 20, வியாழன்

குழுக் கூட்டத்துக்குக் காஞ்சிபுரம் போய்வந்தோம். சாலை முழுக்கக் கன்டெய்னர் லாரி. இடுப்பு போயிற்று.

தொழிற்சாலைத் தரப்பில் ஒருவர், நல்ல சட்டை, மரியாதையான குரல்: "அப்ப அம்மா போன மாசம் குடுத்த ரிப்போர்ட்டு தப்புங்கறீங்களா?"

"ஆமாம்."

"இது சரின்னு எப்படி நம்பறது?"

"நம்ப வேண்டாம். பிரேக்கில் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று உங்கள் பட்டியலைக் கொடுங்கள். நானும் நம்பாமல் எண்ணிப் பார்க்கிறேன்."

யாரோ சிரித்தார்கள். முடிவைத் தள்ளிவைத்துவிட்டார்கள். தேவிப்பிரியா காரில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அது பிடிக்காது. விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

இசக்கிசெல்வி ஊருக்குப் போகிறாள். மார்ச் முழுவதும் காத்திருந்தாள், யாரும் கூப்பிடவில்லை. சங்கரன்கோவிலில் ஜவுளிக்கடை ஒன்றில் ஆள் கேட்டிருக்கிறார்களாம்.

"கூப்ட்டாவன்னா சொல்லுங்க ஆச்சி. உங்க நம்பரத்தான் குடுத்திருக்கேன்."

"வருவாயா?"

"தெரியல." பையைத் தூக்கிக்கொண்டாள். "பேரு இருக்கும்லா?"

அவளோடு கீழ்ப்படி வரை இறங்கினேன்.

மே 23, வெள்ளி

குழு திருத்திய அறிக்கையை ஏற்றுக்கொண்டது. பதினைந்து நாள் முன்னறிவிப்பு, பிரேக்குக்கும் சேர்த்து. பரிந்துரைதான், விதி அல்ல. கேட்டதில் பாதி. தேவிப்பிரியா இனிப்பு அனுப்பியிருந்தாள். லூர்தம்மாள் தின்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

மதியம் போன். ஒப்பந்ததாரரிடம் சூப்பர்வைசராம், கோபிநாத் என்று பெயர்.

"மேடம், இசக்கிசெல்வி கீதா அங்க? அது நம்பரு ஸ்விட்ச் ஆஃப்ல கீது. பிரேக் முட்ஞ்சிச்சு. நாளைக்கு பி ஷிஃப்ட்டு."

"அவள் ஊருக்குப் போய்விட்டாள்."

"வராதா?"

"வேறு வேலையில் இருக்கிறாள்."

"அப்ப சரி மேடம். அப்ஸ்காண்ட்னு போட்டுட்றேன்."

நான் அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னான். சொல்லாமல் ஓடிப்போனவள் என்று பொருள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் அதுவேதான்; இம்முறை எந்தக் குழப்பமும் இல்லை.

"தம்பி, அவள் ஓடவில்லை. நீங்கள் அனுப்பினீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தாள். அப்படி எழுதுங்கள்."

"அத்த எழுத எடமில்ல மேடம். சிஸ்டத்துல மூணே ஆப்ஷன்தான்."

வைத்துவிட்டான். தேவிப்பிரியாவின் ஜூன் கணக்கு மாதம் முடிந்ததும் வரும். அதன் நீக்கப்பட்டோர் பத்தியில் இசக்கிசெல்வியும் ஒருத்தியாக இருப்பாள். மெல்ல, படிப்படியாக.

மாலை சங்கரன்கோவில் கடைக்குப் போன் போட்டேன். கடைச் சத்தத்துக்கு நடுவில் வந்தாள். கூப்பிட்டார்கள் என்று சொன்னேன்.

"வரலன்னு சொல்லிட்டியளா?"

"சொல்லிவிட்டேன்."

"நல்லது ஆச்சி."

அந்த ஆச்சியைத் திருத்தவில்லை. கணினியைத் திறந்து, ஜூன் நீக்கத்தில் வரப்போகும் அந்த ஒன்றை என் பிரதியில் மார்ச் நீக்கத்தில் போட்டேன்.