கிழிக்கப்படாத ரசீதுகள்

வெள்ளவத்தை
2025 மே 4

அன்பின் சஜீத் நானாவுக்கு, ஸலாம்.

இல்லை நானா, அவர்கள் தந்த தேத்தண்ணியில் நான் மயங்கிவிடவில்லை. சீனிகூடக் கம்மி.

போனில் கதைத்தால் சண்டைதான் வருகிறது, எழுது என்றீர்கள். எழுதுகிறேன்.

நேற்று மட்டக்குளி பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கரைவீடு ஓர் ஒழுங்கையின் கடைசியில். பழைய இரட்டை மாடி. பதினான்கு கட்டில். பெரியாஸ்பத்திரிக்கு மருந்தெடுக்கத் தூர இடங்களிலிருந்து வருகிறவர்கள் இலவசமாகத் தங்குகிறார்கள். உம்மாவோடு டயாலிசிஸ் அறையில் படுத்திருந்த மஸ்கெலியாவின் இராமலெட்சுமியும் அங்குதான் தங்கினா. "அந்தப் புள்ள தங்குற எடம் நல்ல சுத்தமா ஈக்காம்" என்று உம்மா அடிக்கடி சொன்னது அந்த வீட்டைத்தான். உண்மை. சுத்தம்.

உங்கள் பட்டியலின்படி பார்த்தேன். பதிவு இருக்கிறது. மூன்று வருடக் கணக்கறிக்கை இருக்கிறது. கணக்காய்வாளர் நான் கேள்விப்பட்ட, நல்ல பெயருள்ள ஆள். அறங்காவலர் ஐந்து பேர், ஒருவருக்கொருவர் சொந்தமில்லை. காசோலைக்கு இரண்டு கையெழுத்து.

துண்டுப்பிரசுரத்தில் மூன்று மொழியிலும் பெரிய எழுத்து: நீங்கள் தரும் பணத்தில் ஒரு ரூபாயும் நிர்வாகத்துக்குப் போவதில்லை.

எப்படி என்று பொருளாளரிடம் கேட்டேன். ஹெக்டர். ஓய்வுபெற்ற வங்கிக்காரர், எழுபது தாண்டியவர். வீட்டில் சம்பளம் வாங்குவது ஒரே ஒருவர், ஜீவராணி என்ற மேற்பார்வையாளர். மாதம் முப்பத்தெட்டாயிரம். அந்தத் தொகையைப் பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் மாதாமாதம் தனியாகத் தந்துவிடுகிறாராம். "யாரெண்டு நான் கேக்கவே இல்ல மகள். கேட்டா மனுசன் ஓடிருவார்" என்றார்.

உம்மா மௌத்தான பிறகு, அவ பெயரில் தருமம் செய்ய அவவின் நகை விற்ற பதினொரு லட்சம் நம் இருவர் பெயரிலும் கிடக்கிறது. நான்கு மாதமாக. உங்கள் கையெழுத்துத்தான் பாக்கி.

றுஷ்னா


தோஹா
2025 மே 7

அன்புத் தங்கச்சிக்கு,

அல்ஹம்துலில்லாஹ். இதைத்தான் எதிர்பார்த்தேன். பூச்சியம். இங்கே எங்கள் ஆட்களிடம் இதைக் காட்டினால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

என்னைச் சந்தேகப் பிராணி என்று நினைக்கிறாய். 2017 வெள்ளத்துக்கு இங்கே நான்தான் கையில் கொப்பியோடு காசு சேர்த்தேன். கிளீனர் வேலை செய்கிற பிள்ளைகள்கூடத் தந்தார்கள். வாங்கிக்கொண்டு போன ஆளை அதற்குப் பிறகு காணவில்லை. யாரும் என்னைக் கள்ளன் என்று சொல்லவில்லை. ஆனால் ஆறு மாதம் பள்ளிவாசலில் பின்வரிசையில்தான் நின்றேன். உனக்கு இது தெரியாது. யாருக்கும் சொல்லவில்லை.

ஆகவே இன்னும் ஒன்று. அச்சடித்ததை நம்பாதே. ரசீதுப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார். உம்மாவின் பில்லையெல்லாம் நீ ஒழுங்காகப் படமெடுத்து அனுப்பினாயே, அதேபோல.

அது சரி என்றால் உடனே கையெழுத்து வைக்கிறேன்.

துஆவுடன்,
நானா


வெள்ளவத்தை
2025 மே 12

நானா,

ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

வெசாக் விளக்குக் கூடு கட்டிக்கொண்டிருந்தார்கள், ஒழுங்கை முழுக்க மூங்கில். ஹெக்டர் இல்லை. ஜீவராணிதான் புத்தகங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா. ஐம்பத்தெட்டு வயது. கண்ணில் புரை. எழுத்தை மூக்குக்குக் கிட்டப் பிடித்து வாசிக்கிறா.

காசு தருபவருக்கு வெள்ளைத் தாள். புத்தகத்தில் தங்குவது மஞ்சள் நகல். எல்லாப் பக்கத்திலும் வெள்ளை கிழிபட்டு மஞ்சள் மட்டும் இருந்தது. ஒவ்வொரு மாதமும் இருபத்தைந்தாம் திகதியில் மட்டும் இரண்டும் இருந்தன. ரூபா 38,000. பெயர் விரும்பாதவர்.

"இவர் ரசீதைக் கொண்டுபோறதில்லையா?"

"மறதிக்காரர் மிஸ்."

"இருபத்தாறு மாசமும் மறந்தாரா?"

சிரித்தா. பிறகு எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தா.

ஆள் இல்லை நானா. முன்பு இருந்தார். புறக்கோட்டையில் இரும்புக்கடை. நாடு முறிந்த வருடம் கடையும் முறிந்தது. 2023 மாசியில் வந்து, இனி ஏலாது என்று அழுதிருக்கிறார். துண்டுப்பிரசுரம் மூவாயிரம் அப்போதுதான் அச்சகத்திலிருந்து வந்து கட்டுக் கட்டாகக் கிடந்ததாம். அந்த வாசகத்தைப் பார்த்துத்தான் ஒரு கம்பனி வருடம் ஆறு லட்சம் தருகிறது.

"ஒரு மாசத்துக்கெண்டுதான் மிஸ் செஞ்சேன்."

சம்பள வவுச்சரில் கையெழுத்து வைத்துக் காசை வாங்குகிறா. அதே நாள் அதே காசைப் பெட்டிக்குள் போட்டு, அந்த ஆளின் பெயரில் தானே ரசீது எழுதுகிறா. தாளைக் கிழித்து யாரிடம் கொடுப்பது?

சாப்பாடும் படுக்கையும் அங்கேயே. கைச்செலவுக்கு விடிய முதல் இடியப்பம் அவித்து ஒழுங்கையில் விற்கிறா. கண் ஒப்பரேசன் இரண்டு வருடமாக அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று போகிறது. படியில் இரண்டு தடவை விழுந்திருக்கிறா.

"ஹெக்டர் ஐயாட்ட சொல்லிராதீங்க மிஸ். அவர் ஒவ்வொரு ஞாயிறும் அந்த மனுசனுக்காக மெழுகுதிரி கொழுத்துறவர்."

நான் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை.

உங்களுக்கு மறைக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். பம்பலப்பிட்டி வரைக்கும் நினைத்தேன்.

றுஷ்னா


தோஹா
2025 மே 15

றுஷ்னா,

அப்படியென்றால் வேண்டாம். வேறு இடம் பார்.

கோபத்தில் எழுதவில்லை. அந்தப் பெண் நல்லவதான். ஆனால் இல்லாத ஆளின் பெயரில் ரசீது எழுதுகிற கை, நாளைக்கு இல்லாத அரிசிக்கும் எழுதும். அவ எழுதாவிட்டால் அவவுக்குப் பிறகு வருகிறவர் எழுதுவார். கணக்காய்வாளர் நம்பிக் கையெழுத்து வைத்தார். அந்தக் கம்பனி நம்பிக் காசு தந்தது. நீ படித்தவள், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, இதில் சம்பளம் எங்கே வந்தது? நன்மைக்குச் செய்கிறவர்கள் சும்மா செய்யத்தான் செய்கிறார்கள். நீ உம்மாவைப் பார்க்கவில்லையா? அதற்கு யாராவது சம்பளம் கேட்டோமா? சும்மா செய்கிறேன் என்று அவ வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் முடிந்தது. நான் இன்னும் மதித்திருப்பேன்.

உம்மாவின் காசு. பொய்க்குள் போகக் கூடாது.

நானா


வெள்ளவத்தை
2025 மே 19

நானா,

சம்பளம் கேட்கவில்லை. சரி.

கணக்கைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை போய், "நானே ஹெக்டரிடம் சொல்லப்போகிறேன்" என்று ஜீவராணியிடம் சொன்னேன். "உங்கள உள்ள விட்டதே பிழை" என்றா. மிஸ் போடவில்லை.

ஹெக்டர் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப ரெண்டு வருசமா நான் யாருக்கு மெழுகுதிரி கொழுத்தினது?"

குசினிக்குள்ளிருந்து ஜீவராணியின் சத்தம் வந்தது. "எனக்குத்தான் ஐயா. பலிச்சிருக்கு. ரெண்டு தரம் விழுந்தும் சாகல்ல."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஹெக்டர் சிரித்தார். பிறகு அழுதார்.

அறங்காவலர்கள் நேற்றே கூடினார்கள். கணக்காய்வாளரிடம் சொல்லி இரண்டு வருடக் கணக்கையும் திருத்துகிறார்கள். தந்தவர்கள் எல்லாருக்கும் நடந்ததை எழுதுகிறார்கள். துண்டுப்பிரசுரத்தை எடுத்துவிட்டார்கள். அந்தக் கம்பனிக்கு முதலில் போன் பண்ணினார்கள். இந்த வருடம் தருவதில்லை என்று பதில் வந்துவிட்டது. ஆறு லட்சம். நான் போய்ப் புத்தகத்தைத் திறந்ததால்.

இனி உங்கள் இரண்டாவது பந்தி.

சும்மா செய்கிறேன் என்று சொல்ல அவவுக்கு இடம் எங்கே இருந்தது? பூச்சியம் என்றால்தான் தருவோம் என்று வெளியில் நின்றவர்கள் நாங்கள். நானும் நீங்களும். அந்தப் பூச்சியத்தைப் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் சொன்னீர்கள். நானும் சந்தோசப்பட்டேன். பூச்சியத்துக்குள் ஓர் ஆள் இருந்தா.

உம்மாவை நான் பார்த்தேன். இருபத்துமூன்று மாதம். கணக்காய்வுக் கந்தோரில் மாதம் அறுபத்தையாயிரம் சம்பளம் எடுத்துக்கொண்டிருந்தேன், விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ். உம்மாவைத் தூக்கி த்ரீவீலில் இருத்துவது, இறக்குவது. ஒவ்வொரு பில்லையும் உங்களுக்குப் படமெடுத்து அனுப்பினேன். ஒரு தடவை, த்ரீவீலுக்கு ஏன் ஆயிரத்தெண்ணூறு என்று கேட்டீர்கள். மழை என்று பதில் போட்டேன்.

முந்நூற்றுச் சொச்சம் படங்கள். ஒன்றிலும் நான் இல்லை. படுக்கை, மருந்து, வாகனம் இவற்றின் உதவியால் உம்மா தானாகவே எழும்பி, தானாகவே கழுவி, தானாகவே போய்வந்தது போல.

பெரியம்மா வீட்டில் நீங்கள் போனில் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது: "உம்மாக்கு நாங்க ஒரு கொறையும் வெக்கல்ல." அந்த 'நாங்க'வுக்குள் என்னைத் தேடினேன்.

நான் சண்டைக்கு எழுதவில்லை. பணம் போகட்டும் என்று கேட்கிறேன். பாதி கட்டிலுக்கும் சாப்பாட்டுக்கும். பாதி ஜீவராணியின் சம்பளத்துக்கு, சம்பளம் என்றே எழுதி. இல்லையென்றால் பதினொரு லட்சம் வங்கியிலேயே கிடக்கட்டும். வேறு இடம் நான் பார்க்க மாட்டேன்.

றுஷ்னா


தோஹா
2025 மே 29

றுஷ்னா,

பத்து நாள் ஆகிவிட்டது. எனக்கு உன்னைப் போல எழுத வராது. மூன்று தரம் எழுதினேன், மூன்றும் லெக்சர் மாதிரி இருந்தது.

உம்மாவின் செலவுக்கு நான் ஒரு எக்செல் கோப்பு வைத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். நாற்பது வரி. மருந்து, ஊசி, டயப்பர், பால்மா, வாகனம். அதைப் பார்த்துத்தான் இரண்டு வருடம் நிம்மதியாகத் தூங்கினேன். எல்லாம் என் கையில் இருக்கிறது என்று. நான் அங்கே இல்லை என்பதற்கு அந்தக் கோப்புத்தான் மருந்து.

நீ எழுதியதற்குப் பிறகு திறந்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் பார்த்தேன். த்ரீவீலுக்கு எதிரே நான் போட்ட கேள்விக்குறிகூட இருக்கிறது.

உம்மா மௌத்தான அன்று உன்னோடு கதைத்ததில் நான் முதலில் கேட்டது எத்தனை மணிக்கு என்று. நீ சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. இப்போது கேட்பதற்கும் வெட்கமாக இருக்கிறது.

41ஆம் வரி புதிதாகப் போட்டிருக்கிறேன். "றுஷ்னா, 23 மாதம்." தொகைக்கட்டம் காலி. எனக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளவும் பார்க்கவில்லை. அந்தக் கோப்பை இதோடு அனுப்புகிறேன், நீ எழுது. ஒரேயடியாக என்னால் ஏலாது, மாதாமாதம் அனுப்புவேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே. சொன்னால் நான் நம்பிவிடுவேன், எனக்கு அது லேசு.

கரைவீட்டுக்கு: நீ சொன்னபடி பாதி, பாதி. ஒரே ஒரு நிபந்தனை. திருத்திய கணக்கைக் கணக்காய்வாளர் ஒப்புக்கொண்ட கடிதத்தை நீ கண்ணால் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு கொடு. இதில் நான் மாற மாட்டேன். வங்கிப் படிவத்தில் கையெழுத்து வைத்து அறைத்தோழர் ஜவாதிடம் கொடுத்திருக்கிறேன். பெருநாளுக்கு ஊருக்கு வருகிறார். வெள்ளவத்தைக்கே கொண்டுவந்து தருவார்.

சாப்பிடு.

நானா


வெள்ளவத்தை
2025 ஜூன் 13

அன்பின் நானாவுக்கு,

பெருநாள் சுகமாகப் போனது. ஜவாத் நானா படிவத்தையும், நீங்கள் சொல்லாத ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தையும் தந்தார். உங்கள் முடி கொட்டிவிட்டது என்றும் சொன்னார். அதை நீங்கள் எழுதவில்லை.

கணக்காய்வாளரின் கடிதத்தைப் பார்த்தேன். இரண்டு பக்கம். திருத்திய கணக்கில் பெயர் விரும்பாதவர் இல்லை. அந்த இடத்தில் ஜீவராணி அந்தோனிப்பிள்ளை என்று முழுப்பெயர் இருக்கிறது. தந்த தொகை ஒன்பது லட்சத்து எண்பத்தெட்டாயிரம். அந்த வீட்டுக்கு இரண்டு வருடத்தில் அந்தக் கம்பனிக்கு அடுத்ததாகக் கூடுதலாகத் தந்தவர் அவதான். ஹெக்டர் அதை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

ஜீவராணிக்கு இன்னும் என்னில் கோபம். "நான் கேட்டேனா உங்கட்ட?" என்றா. இல்லை, இந்தச் சம்பளம் உங்களுக்கு இல்லை, நீங்கள் செய்யும் வேலைக்கு. நாளைக்கு வேறொருவர் வந்தாலும் அவருக்கும் இது உண்டு என்றேன். தேத்தண்ணி தந்தா. ஒரு கரண்டி சீனி கூட. கண் ஒப்பரேசனுக்கு ஆடி மாதம் திகதி வாங்கியிருக்கிறா. அவ ஓய்வெடுக்கும் நாலு நாளைக்கு மகள்முறையான ஒருத்தி வீட்டைப் பார்ப்பாவாம், அவவுக்கும் கூலி உண்டாம். ஹெக்டர் அதைத் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார்.

கம்பனியின் ஆறு லட்சம் இன்னும் இல்லை. இரண்டு கட்டிலை மூடியிருக்கிறார்கள். அதையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை நாலைந்து தரம் வாசித்தேன். அதைப் பற்றி எழுத எனக்கும் வரவில்லை.

புதன்கிழமை வங்கிக்குப் போய்ப் பதினொரு லட்சத்தையும் கரைவீட்டுக்கு மாற்றினேன். வீட்டுக்கு வந்து சோறாக்கிச் சாப்பிட்டேன். 41ஆம் வரியில் பதினான்கு லட்சத்துத் தொண்ணூற்றையாயிரம் என்று எழுதி, கோப்பை உங்களுக்குத் திருப்பி அனுப்பினேன்.

உங்கள் தங்கச்சி
றுஷ்னா