தீவு வங்கியில் ஒரு கணக்கு

அன்புள்ள இருளம்மாளுக்கு,

நான் இங்கே சுகம். உன் முட்டுவலி குறைந்ததா?

உன் தம்பி விஜயகுமார் தன் ஏலக்காய் கம்பெனிக்கு எங்கோ ஒரு தீவிலுள்ள வங்கியில் டாலர் கணக்குத் தொடங்கிவிட்டான். அவனைத் துபாய்க்கு அழைத்துவந்தவனே நான்தான். நீயோ போனில் அவன் புகழையே பாடுகிறாய். அதனால் இங்குள்ள நம் கடைக்கும் அதே வங்கியில் விண்ணப்பித்தேன்.

உரிமையாளர் யார் என்று கேட்டிருந்தார்கள். நம் ஊர் தேவாரத்துக் கடையைப் போலவே இதற்கும் முதலாளி குலதெய்வம் மாலையம்மன்தானே? அந்தப் பெயரையே எழுதினேன். உரிமையாளரின் பாஸ்போர்ட் நகல் வேண்டும் என்று பதில் வந்தது.

உன் தம்பி கடைக்கே வந்து சிரித்தான். "என்ன மாமா, ஆத்தாளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க மதுரைக்கு ஆள் அனுப்பிட்டீகளா?"

"ஏலே, ஆத்தா இருக்கிற இடத்துல உன்னைய மாதிரி என் பேரைப் போட மாட்டேன்டா" என்றேன்.

போடவும் இல்லை. உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். உரிமையாளர் வங்கியின் துபாய் ஆபீசுக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். சீக்கிரம் பாஸ்போர்ட் எடு. வரும்போது பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் கொண்டுவா. கடைக்கு ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன்.

உன் தம்பியின் கணக்குக்காக அவன் பெண்டாட்டியை யாரும் இங்கே கூப்பிடவில்லை. அதை அவனிடம் நீயே சொல்.

சுருளியாண்டி