புள்ளி இல்லாத பே

ஜூலை 3, வியாழன்

மன்னிக்கணும் டைரி, மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. இந்த நேரம்தான் கிடைக்கிறது. ஜோயா இப்போதுதான் கண்ணை மூடினாள். பல் முளைக்கிறதோ, காய்ச்சல் வருகிறதோ என்று நாலு முறை நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். ஐந்தாவது முறை தொட்டால் எழுந்துவிடுவாள். அதனால் எழுதுகிறேன்.

வேலை கிடைத்துவிட்டது. முழுதாக இல்லை, பாதி. சென்னையில் புத்தகங்களை டைப் செய்து பக்கம் அமைத்துத் தரும் சின்னக் கம்பெனி. அரபு நாட்டுப் பள்ளிக்கூடத்துக்கான கணக்குப் புத்தகம். ஆசிரியர் கையால் எழுதியதை ஸ்கேன் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சோதனைக்கு ஒரு அத்தியாயம், முப்பத்திரண்டு பக்கம். சரியாக வந்தால் பன்னிரண்டு அத்தியாயமும் எனக்கே, வீட்டிலிருந்தே. இல்லையென்றால் வேறு ஆள்.

அரபு எழுத்தும் பி.எஸ்சி. கணிதமும் சேர்ந்து தெரிந்தவள் எங்கள் ஊர் வேங்கிக்காலிலேயே நான் ஒருத்திதான் என்று என் வீட்டுக்காரர் ஷோயப்புக்குப் பெருமை. எனக்கு அரபு வாசிக்கத் தெரியும், அர்த்தம் தெரியாது. மதரஸாவில் ஓதியதோடு சரி. அதைக் கம்பெனி முருகவேல் சாரிடம் சொன்னேனா? சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

திரை முழுக்கக் கட்டம். எதை டைப் செய்தாலும் எழுத்துக்குப் பதில் காலிக் கட்டம். லேப்டாப் போச்சு என்று ஷோயப்புக்கு மூன்று முறை போன். செங்கம் ரோட்டில் அவருடைய செல்போன் ரிப்பேர் கடையில் யாரோ வெளிநாட்டுக்காரர் அவசரத்தில் நின்றிருந்தாராம். "லேப்டாப் உயிரோடதான் கீது. உன் பொண்ணு கையில மட்டும் குடுக்காத" என்று வைத்துவிட்டார்.

பிறகு முருகவேல் சார் விளக்கினார். கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு எண். கணக்கில் வரும் அரபு எழுத்துக்கு, சாதாரண அரபு எழுத்தின் எண் கிடையாது; அதற்கென்று தனி எண். என் கம்ப்யூட்டர் எண்ணைச் சரியாகத்தான் வைத்திருந்ததாம். வரைந்து காட்டத்தான் அதனிடம் உருவம் இல்லை. அவர் அனுப்பிய எழுத்துருவைப் போட்டேன் — அத்தனை கட்டமும் ஒரே நொடியில் எழுத்தாகிவிட்டது! ஜோயாவைத் தூக்கிக் காட்டினேன். அவள் சார்ஜர் வயரைப் பார்த்தாள்.

நான் ஓதிய எழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் கை கோத்துக்கொள்ளும். இவை கோக்காது. பெருக்கலில் நம் எக்ஸ், ஒய்க்குப் பதில் வரும் ஸீனும் ஸாதும் தனித்தனியாக விறைப்பாக நிற்கின்றன. எல்லாம் வலமிருந்து இடம். வர்க்கமூலக் குறிகூடக் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பியிருக்கிறது. மூன்று வருடம் படித்த கணக்கு, புரண்டு படுத்தது போல.

ஜூலை 7, திங்கள்

பாவம், ஆசிரியர் அவசரக்காரர். பாதி இடத்தில் 'பே' எழுத்துக்குக் கீழே புள்ளி வைக்க மறந்திருக்கிறார். மதரஸாவில் ஒரு புள்ளி விட்டால் ஓதிக்கொடுக்கும் ஹஜரத் பக்கத்தையே திரும்ப எழுத வைப்பார். நான் எல்லாவற்றுக்கும் புள்ளி உள்ள பேவையே போட்டுவிட்டேன். முருகவேல் சார் தந்த எழுத்துப் பட்டியலில் புள்ளி இல்லாத பே என்று ஒன்று தனியாக இருக்கிறது. எதற்கென்று தெரியவில்லை, விட்டுவிட்டேன். ஆசிரியருக்கே டியூஷன் எடுக்கிறாயா என்று ஷோயப் கேலி.

ஜூலை 8, செவ்வாய்

அனுப்பிவிட்டேன். ஜோயா கீபோர்டைத் தொடவில்லை. தொட்டாளோ?

ஜூலை 9, புதன்

போச்சு.

முருகவேல் சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மேடம், அவர் எழுதினதை டைப் பண்ணத்தான் சொன்னேன். திருத்தச் சொல்லலியே" என்றார்.

அது மறதி இல்லையாம். இந்தப் புத்தகத்தில் புள்ளி உள்ள பே முக்கோணத்தின் மூலை. புள்ளி இல்லாத பே அதற்கு எதிர்ப்பக்கத்தின் நீளம். நம் புத்தகத்தில் பெரிய பி, சின்ன பி மாதிரி. கம்ப்யூட்டரிலும் இரண்டுக்கும் வேறு வேறு எண்: 1EE01, 1EE1C. நான் பக்கத்தையெல்லாம் மூலையாக்கி வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரிடம் மொத்தமாக மாற்றச் சொன்னால் உண்மையான மூலைகளும் பக்கமாகிவிடும். ஸ்கேனைப் பார்த்து ஒவ்வொன்றாகத்தான் சரிசெய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குமேல் வேறு ஆள்.

கணக்கு படிச்சவதானே நான்? ஒரே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமே. எழுத்தை மட்டும் பார்த்தேன். எனக்கு எதுக்கு இந்த வேலை —

ஜூலை 10, வியாழன். பௌர்ணமி

இருபது பக்கம் முடித்தேன். திரும்பிப் பார்த்தால் அதில் ஏழு தப்பு. புள்ளி இல்லாத இடத்திலும் என் கண் புள்ளியைப் பார்க்கிறது. பழக்கம்.

கிரிவலக் கூட்டத்தில் வண்டி நகராமல் ஷோயப் கடையிலிருந்து நடந்தே வந்தார். "போனா போவுது ரூபி, வேற வேலையா இல்ல" என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. இந்த வேலைதான் வேணும். படிச்ச கணக்கெல்லாம் பால் பவுடருக்கு எத்தனை ஸ்பூன்னு எண்ண மட்டுமா?

ஜூலை 11, வெள்ளி

மாடி வீட்டு அருணாதேவி அக்கா கலெக்டர் ஆபீஸில் டைப்பிஸ்ட். கிரிவல டூட்டி முடிந்து இன்று லீவு. துணி காயப்போட வந்தவர் என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். அவர்கள் ஆபீஸில் நகலை ஒரே ஆள் சரிபார்ப்பது கிடையாதாம். ஒருவர் மூலத்தைப் படிக்க, மற்றவர் நகலில் டிக் அடிக்க வேண்டும்.

"உங்களுக்கு அரபு தெரியாதேக்கா."

"அதாம்மா நல்லது. தெரிஞ்சவ இருக்கணும்னு நினைக்கிறதைப் படிப்பா. எனக்கு அது இன்னான்னே தெரியாது. இருக்கறதைத்தான் சொல்லுவேன்."

ஜோயாவை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். அவருக்கு பே என்பது கிண்ணம். "கிண்ணம், புள்ளி. வெறுங்கிண்ணம். வெறுங்கிண்ணம். கிண்ணம், புள்ளி." ஒவ்வொரு வெறுங்கிண்ணத்துக்கும் ஜோயா கை தட்டினாள். உங்க வாத்தியார் வீட்டுல பாத்திரம் ஜாஸ்தி என்றார் நடுவில். மூன்றரை மணிக்கு முப்பத்திரண்டாம் பக்கம். என் கண்ணுக்குத் தப்பியவை மட்டும் நாற்பத்து மூன்று.

நாலு மணிக்கு அனுப்பினேன்.

ஜூலை 14, திங்கள்

பதில் இல்லை. ஜோயாவுக்குப் பல்தான். கீழே ஒன்று.

ஜூலை 21, திங்கள்

இரண்டாம் அத்தியாயத்தில் பாதி முடிந்தது. மூன்றும் நான்கும் வந்து காத்திருக்கின்றன. சந்தேகம் இருந்தால் இனி நேராக ஆசிரியருக்கே எழுதிவிடுங்கள் என்று அவருடைய மெயில் முகவரியைத் தந்திருக்கிறார் முருகவேல் சார். இங்கிலீஷில் அனுப்புவதற்கு முன் தமிழில் எழுதிப் பார்க்கிறேன்:

ஐயா, வணக்கம். உங்கள் புத்தகத்தை டைப் செய்பவள் ரூபீனா. இரண்டாம் அத்தியாயம், ஒன்பதாம் பக்கம், மூன்றாவது கணக்கின் விடையில் பே புள்ளியோடு இருக்கிறது. அதற்கு நேரே எட்டு சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். மூலைக்குச் சென்டிமீட்டர் வருமா? நீங்கள் எழுதியபடியே விட்டிருக்கிறேன். நான் எதையும் மாற்றவில்லை. பார்த்துவிட்டுச் சீக்கிரம் பதில் போடுங்கள்.