ஹெலன் டீச்சர் திறந்த கதவு

போன் செய்யவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே அக்கா, நேற்று இங்கே ஒரு சின்ன கலாட்டா. உன் முட்டிவலி தேவலையா? நாவலூரில் நான் சௌக்கியம். நான் பார்த்துக்கொள்ளும் ஹெலன் டீச்சருக்குத்தான் மறதி கூடிவிட்டது.

அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குப்பை கொட்டப் போனேன். திரும்புவதற்குள் டீச்சர் உள்ளே தாழ் போட்டுவிட்டார். பால் பொங்கி அடுப்பு அணைந்து, வெளியே வரைக்கும் கேஸ் நாற்றம். சாப்பிட வந்த அவர் மகன் சாம் கதவை இடித்தான்.

"தொறம்மா, நான் உன் புள்ள!"

"எனுக்கு ஏதுடா புள்ள? போடா அப்பால!"

நான் நம் அங்காளம்மாவையும் கூப்பிட்டேன், அவர்கள் ஏசுசாமியையும் கூப்பிட்டேன்.

சாம் சட்டென்று பாடினான். செங்கல்பட்டு சர்ச்சில் முப்பது வருஷம் டீச்சர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த பாட்டு. அதை வேண்டுமென்றே தாளம் தப்பிப் பாடினான். மூன்றாவது வரியில் தாழ்ப்பாள் திறந்தது. டீச்சர் அவன் தோளில் ஓங்கி அடித்தார்.

"தாளம் எங்கடா போவுது?"

அவன் அவரைத் தாண்டி உள்ளே ஓடி கேஸை மூடினான். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

"எட்டு மாசமா எங்கம்மாவுக்கு என் பேரே தெர்ல, அத்தே."

நெத்திலிக் கருவாடும் அம்மன் குங்குமமும் அனுப்பு அக்கா. நாலு வரி கடிதமும் எழுது, இங்கே பேச ஆளில்லை. டீச்சர் எழுந்துவிட்டார், முடிக்கிறேன்.

இரு, இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அவன் உள்ளே ஓடிவிட்டதால் காதில் விழுந்திருக்காது. அடித்த கையோடு டீச்சர், "சாமு, மறுபடி பாடு" என்றார்.