மூன்றாவது பொத்தானின் உயரம்

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

நாங்குநேரிக்கு மேற்கே அந்தத் தரிசில் நீ வளர்த்த உடைமரங்கள் முள்ளும் குடைத்தலையுமாக நிற்கின்றன. அதைத்தானே முதலில் கேட்பாய்? இந்த வருஷம் அவை கை நழுவிப் போகப் பார்த்தன.

காற்றிலுள்ள கரியை மரம் தன் உடம்பில் சேர்த்துவைக்கிறது. ஆண்டுதோறும் தண்டின் சுற்றளவை ஒரே உயரத்தில் எடுத்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். நீ கோல் வைத்து அளந்தவனில்லை. மரத்தோடு நெஞ்சைச் சேர்த்து நின்று, சட்டையின் மூன்றாவது பொத்தான் படும் இடத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்தாய். நீ எங்களை விட்டுப் போனாய், மழையில் பெயின்டும் போயிற்று. பழைய உயரம் தெரியாவிட்டால் நிலத்தைக் கரிச் சேமிப்புத் திட்டத்திலிருந்து நீக்குவோம், திட்டத்தில் போட்ட வேலியும் போகும் என்றார், அளக்க வந்த வள்ளியூர்க்காரர்.

உன்னோடு ஓயாமல் சண்டை போட்ட ஆட்டுக்காரர் சுடலைமுத்து அங்கே நின்றார். "அண்ணாச்சி உயரந்தான் நானும். எத்தன தடவ மூஞ்சிக்கு மூஞ்சி நின்னு ஏசியிருக்கோம்! அவரு சட்டையக் கொண்டாங்கக்கா."

"வேலி போனா உம்ம ஆட்டுக்குத்தான கொண்டாட்டம்வே?" என்றார் வள்ளியூர்க்காரர்.

"ஒரு வருசம் திங்கும். மரம் நின்னா கோடைக்குக் கோடை காஞ்ச நெத்துக்காய் வேலிக்கு வெளியவும் உதிரும்லா?"

உன் சட்டையைத் துவைக்க எனக்கு மனம் வந்ததில்லை. வீட்டிலிருந்து எடுத்துவந்து அப்படியே கொடுத்தேன். போட்டுக்கொண்டு மரங்களுக்குள் போனார். பத்திரிகைக்குச் செய்தி எழுதிப் பழகியவள் நான். கண்டதை மட்டும் சொல்கிறேன். வேலிக்கு வெளியே நின்ற அவருடைய ஆடுகள், நீ கம்போடு வரும்போது ஓடுவதுபோல, சிதறி ஓடின. "ஏ, நாந்தாம்லே!" என்று கத்தினார். ஒன்றும் நிற்கவில்லை.

பொத்தான் பட்ட இடத்தில் பட்டையின் வெடிப்பைக் கத்தியால் விலக்கினோம். உள்ளே வெள்ளைப் பெயின்டின் மிச்சம். அடுத்த மரத்திலும் அதே உயரத்தில். ஒவ்வொரு மரத்தையும் அளந்ததும் சுடலைமுத்து அதை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நகர்ந்தார், நீ தட்டுவாயே, அதேபோல. ஏன் என்று கேட்டேன்.

"நான் எங்கக்கா தட்டுனேன்?" என்றார், தன் கையையே பார்த்தபடி.

வள்ளியூர்க்காரர் அளவுகளை ஏற்றுக்கொண்டார். வேலி இருக்கும். சட்டையைக் கழற்றியதும் ஆடுகள் சுடலைமுத்துவிடம் திரும்பி வந்தன. நான் அவற்றை நோக்கி ஓரடி வைத்தேன்; அத்தனையும் பின்வாங்கின. சட்டை என் கையில் மடித்தபடி இருந்தது. அவை அதைப் பார்க்கவில்லை, அண்ணா. எனக்குப் பக்கத்தில், ஆள் உயரத்தில், எதைப் பார்த்தன?

அடுத்த அளவெடுப்புக்கும் சட்டையைக் கொண்டுவருவேன். அதுவரை துவைக்க மாட்டேன்.

உன் கூடப்பிறந்த
தங்கச்சி