தாடையில் கேட்ட அழைப்பு

ஃபாலுன், 6 மே

அன்புத் தங்கை சிக்பிரித்துக்கு,

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். எழுபத்து நாலு வயதில் இந்தக் குளிர்காலத்தில்தான் நூலக வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றேன். இந்தப் பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது முழுதும் ஆனது. இருந்தாலும் உன் பெயரை நானே எழுதிவிட்டேன், பார்த்தாயா.

அக்டோபரில் கீழ்த்தாடைக்கு அறுவை செய்தார்கள். செயற்கைப் பல் ஊன்ற எலும்பு போதவில்லையாம். கையில் ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, அதிலிருந்து மஞ்சள் கூழ்க்கட்டி ஒன்றைப் பிரித்தார்கள். அதைத் துண்டாக்கி மாட்டெலும்புத் துகளோடு பிசைந்து தாடைக்குள் அப்பினார்கள். பார்க்க நம் காலைக் கஞ்சி மாதிரியே இருந்தது. எந்த ஊர் மாடு என்று கேட்டேன். மருத்துவர் மாரித் சிரித்தாள்.

"அதுல மாடுன்னு ஒண்ணும் மிச்சமில்ல எஸ்கில். வெறும் கூடுதான். உங்க ரத்தம் போய் அதுல குடியேறணும். ஆறு மாசம் போனா எது உங்களோடது, எது அதோடதுன்னு எனக்கே தெரியாது."

ஆறு மாதம் முடிந்தது. படம் எடுத்துப் பார்த்து, அருமையாகப் பிடித்திருக்கிறது என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். தினமும் மாலை ஐந்து மணிக்கு நீ மாடுகளைக் கூப்பிடுவது கேட்கிறது. காதில் இல்லை, தாடையில். மலையில் நின்று நீட்டி முழக்குவாயே, அதே குரல். கால்கள் தாமாக வாசலுக்குப் போய்விடுகின்றன. பக்கத்து வீட்டு ருனே, "என்னய்யா, யாரு கூப்பிட்டா? பொழுதன்னைக்கும் மோப்பம் பிடிச்சுட்டு நிக்கிற" என்று கேலி செய்கிறான்.

மறுபடி மாடு வாங்கிவிட்டாயா? உன் வாசற்கதவை எனக்கு ஒரு தரம் திறப்பாயா? பதினொரு வருடம் ஆயிற்று. வேறு எதுவும் கேட்கவில்லை.

உன் அண்ணன்
எஸ்கில்

மேட்டுப் பண்ணை, 14 மே

அண்ணா,

உன் எழுத்து புரிந்தது.

இங்கே மாடு இல்லை. குரலும் இல்லை. தொண்டை அறுவைக்கு நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஏழு மாடுகளையும் நீ லாரியில் ஏற்றிக் கசாப்புக்கு அனுப்பினாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. லில்யா சினையாக இருந்தாள். திரும்பி வந்த எனக்கு மூச்சுக்காற்றில் முணுமுணுக்கத்தான் முடிந்தது. கூப்பிடத் தொழுவத்திலும் யாரும் இல்லை.

ஆனாலும் தினமும் ஐந்து மணிக்கு வேலிப்படலருகே நின்று வாயைத் திறக்கிறேன். சத்தம் வராது. லில்யாவை மட்டும் கூப்பிடுகிறேன். இது யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரிந்திருக்க முடியாது.

வருகிற ஞாயிறு ஐந்து மணிக்குக் கூப்பிடுவேன். கேட்டால் வா. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டேன்.

சிக்பிரித்

மேட்டுப் பண்ணை, 21 மே

அன்புத் தங்கைக்கு,

நாற்பது அடி தூரத்தில் இருப்பவளுக்குக் கடிதமா என்று நினைக்காதே. எழுதத் தெரிந்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஞாயிறன்று மூன்று மணிப் பேருந்தில் வந்து, கீழே பிர்ச் மரங்களுக்கிடையே காத்திருந்தேன். ஐந்து மணிக்குத் தாடை அதிர்ந்தது. வண்டிப்பாதையை விட்டுவிட்டு மாடுகள் ஏறும் ஒற்றையடிப் பாதையிலேயே ஏறி வந்தேன். அந்தப் பாதையில் நான் ஒருநாளும் நடந்ததில்லை. எந்தக் கல்லில் கால் வைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

நீ படலைத் திறந்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. தாடையை உள்ளங்கையில் ஏந்தி, கட்டைவிரலால் தடவினாய். பதினொரு வருடம் கழித்து என்னைத் தொட்டாய். வீட்டுப் பக்கம் திரும்பினேன். நீ தொழுவக் கதவைத் திறந்துவைத்து, காற்றாக ஒரு சொல் சொன்னாய்.

"உள்ள வாடி, லில்யா. நேரமாச்சு."

வந்துவிட்டேன். உன்னைத் திருத்தவும் தோன்றவில்லை.

புதுவைக்கோல் போட்டிருக்கிறாய், நன்றி. சுவரில் ஏழு பெயர்ப்பலகைகளும் அப்படியே இருக்கின்றன. எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். நான் படுத்திருப்பது மூன்றாவதன் கீழே, லில்யா என்று எழுதியிருக்கிறது. நேற்று மாரித்திடம் போக வேண்டிய நாள். போகவில்லை. எலும்பு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அவளுக்கு ஒரு வரி போட்டுவிடு.

கதவின் கொண்டி வெளியே போட்டிருக்கிறது. பரவாயில்லை. இந்தத் தாளைக் கதவடியில் தள்ளிவைக்கிறேன், காலையில் தண்ணீர் வைக்க வரும்போது எடுத்துக்கொள்.

விரல்கள்தான் பேனாவைச் சரியாகப் பிடிக்க மாட்டேன் என்கின்றன. அடுத்த வாரமும் எழுதுகிறேன்.

உன்
எஸ்கில்