லாரி பாட்டரியும் மருதை மீசையும்

வைகாசி 9, திங்கள்
விடாத மழை. நான் ஓட்டும் தோட்டத்து லாரியின் பாட்டரியில் தண்ணீர் குறைவு. அதற்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர் அவிசாவளை டவுன் கடையில்தான் கிடைக்கும். ரப்பர் பாலை உறைய வைக்கும் அமிலமான அசிட்டு நம் தொழிற்சாலையிலேயே பீப்பாய் பீப்பாயாக. ஒரு போத்தல் எடுத்து ஊற்றியாகிவிட்டது. உள்ளே இருப்பதும் அசிட்டு, இதுவும் அசிட்டு. அலைச்சல் மிச்சம்.
குடையில் இன்னொரு ஓட்டை.

வைகாசி 11, புதன்
லாரி கிளம்பவில்லை. கைப்பிடி போட்டுச் சுற்றித் தோள் கழன்றதுதான் மிச்சம். ரப்பர் கட்டுகள் ஏற்றியபடி நனைகின்றன. தோட்டத்துத் துரை வந்து, "பாட்டரி ஏன் செத்துச்சு?" என்றார். பக்கத்தில் கிளீனர் மருதை, மீசை அரும்பும் பையன். என் வாய் சும்மா இருக்குமா.
"ராத்திரி லைட்டப் போட்டு மீசை வளருதான்னு பாத்திருப்பான், தொரை."
எல்லாரும் சிரித்தார்கள், மருதையும். துரை சிரிக்கவில்லை. மருதை நாளையிலிருந்து மழைத் தண்ணீர் ஓடும் கான் வெட்ட வேண்டுமாம். லாரிப் பக்கம் வரக்கூடாதாம்.
பகடி என்று சொல்வதற்குள் துரை போய்விட்டார்.

வைகாசி 12, வியாழன்
பாட்டரியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அவிசாவளை. காசிம் நானாவின் பாட்டரிக் கடை. பளபளப்பான ஒன்றைக் கேட்டேன்.
"அது காருக்கு. ஒங்க லாரிக்குத் தடிச்ச தகடு வேணும்."
பழையதன் நீள அகலம் அளந்தார். கம்பி மாட்டும் முனை எந்தப் பக்கம் என்றும் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்து முகர்ந்தார்.
"என்னத்த ஊத்தினீங்க? வினாகிரி மாதிரி புளிச்ச மணம் வருதே."
சொன்னேன்.
"அதுதான் தகட்டத் தின்னிருக்கு. இது வேற அசிட்டு, அது வேற."
நானாவைக் கிண்டல் பண்ணாமல் திரும்பியது இன்றுதான். பழையதையும் கேட்டு வாங்கி வந்தேன்.
புதுசு மாட்டினேன். உடனே கிளம்பியது. தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் மருதையைக் கண்டு, "மீசை லைட்டு, மீசை லைட்டு." பேர் வைத்த பெருமை எனக்கு.

வைகாசி 13, வெள்ளி
மழை விட்டது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூடியதும் எல்லார் முன்னாலும் சொன்னேன். "பாட்டரியக் கொன்னது நாந்தான். ரப்பர் அசிட்ட ஊத்திட்டேன்."
ஒரே சிரிப்பு, இதுவும் என் பகடி என்று. கணக்கப்பிள்ளை, "லாரி ரப்பர் பாலாட்டம் ஒறைஞ்சிருச்சுன்னா ரப்பர் ஷீட்டா அடிச்சிருவோம், டைவரண்ணே" என்றார். வேறு நாளாயிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.
மருதை பின்னாலேயே வந்தான். "எனக்காகப் பொய் சொல்லி நீங்க மாட்டிக்காதீங்கண்ணே. லைட்ட அணைக்க நாந்தான் மறந்திருப்பேன்." என் கையைப் பிடித்துக்கொண்டான். உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.


வைகாசி 14, சனி
பழைய பாட்டரி தோளில். துரை பங்களா ஏற்றம். சட்டையில் அசிட்டு ஓட்டை.
"பகடி இல்லீங்க, தொரை. மோந்து பாருங்க."
குனிந்து முகர்ந்தார்.
"மருதை லாரிக்கு வரட்டும். லாரி ஓடாத நாளெல்லாம் கான் நீ வெட்டு."
நேரே மருதையிடம் போய் மண்வெட்டியைக் கேட்டேன். இதுவும் பகடி என்று சிரிக்கிறான். தரமாட்டேன் என்கிறான்.